அரளிக் குச்சி ஊறிய தண்ணீர்

அரளி வளர்ப்பதைச் சொல்லித்தர எனக்கு ஒரு பத்தி போதும். ஆடியிலோ ஆவணியிலோ அடிக்கு அடி குழி எடுங்கள். குழிக்குக் குழி ஆறடி இடைவெளி விடுங்கள். முற்றிய குச்சியாகப் பார்த்து வெட்டி, குழிக்கு இரண்டாக எதிரெதிரே நடுங்கள். தொழு உரம் போடுங்கள். செம்மண்ணோ கரிசலோ, அது எதற்கும் கோபித்துக்கொள்ளாது. வேர் பிடித்துவிட்டால் வாரம் ஒரு தண்ணீர் போதும், பத்து நாள் தள்ளிப்போனாலும் தாங்கும். நான்கு மாதத்தில் மொட்டு வந்துவிடும். விரிவதற்குள் விடியற்காலையிலேயே பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கிளைகளை வெட்டிக் கவாத்து. முடிந்தது பாடம்.

இதெல்லாம் நம் தோட்டக்கலைத் துறையின் துண்டுப் பிரசுரத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த வரியை நான் சொல்ல வேண்டிய நாளில் சொல்லவில்லை. பிறகு சொல்லியே தீர வேண்டிய நேரத்தில் வாய் கூசாமல் பொய் சொன்னேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்மேல் ஏதாவது மரியாதை வைத்திருந்தால், இதைப் படித்து முடித்தபிறகு அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. உதவி தோட்டக்கலை அலுவலராக எனக்கு நான்காவது வருடம். முதல் மூன்று வருடம் நிலக்கோட்டைப் பக்கம் இருந்துவிட்டு, அப்போதுதான் வேடசந்தூர் பக்கம் மாற்றலாகி வந்திருந்தேன். நிலக்கோட்டையில் பூச்செடியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் இங்கே வந்தேன்.

வந்த இரண்டாம் மாதம், வெள்ளையம்மாள் என்றொரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வேடசந்தூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். கணவர் பெருமாளுக்கு நூல் மில்லில் வேலை. விடியுமுன் மில் பஸ்ஸில் போனால் மதியம் இரண்டரைக்குத்தான் திரும்புவார். தோட்டத்துப் பாடெல்லாம் இந்த அம்மாள் தலையில். போட்டிருந்த மல்லிகை, கிணறு கைவிட்டதில் கருகிப்போயிருந்தது.

"தண்ணி கம்மியாக் கேக்குற பூவா ஒண்ணு சொல்லுங்க சார்" என்றார்.

"செவ்வரளி போடுங்கம்மா."

"அரளியா? அது வெசமாச்சே சார்."

நான் சிரித்தேன். "அது மஞ்ச அரளி விதைம்மா. இது சாமிக்கு மாலை கட்டுற பூவு. இதுக்குப் போயி பயப்படலாமா?"

செவ்வரளியும் வேரிலிருந்து நுனிவரை விஷம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் புது இடம், புது அதிகாரி, அந்த வருடம் இத்தனை ஏக்கர் பூச்செடி என்று ஓர் இலக்கு. விஷம் என்று சொன்னால் இந்த அம்மாள் மிரண்டுபோய் எழுந்து போய்விடுவாரே என்று பயந்தேன். அதனால் பாதி உண்மையைச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

நிலக்கோட்டையிலிருந்து கட்டுக்கட்டாகக் குச்சி வரவழைத்துக் கொடுத்தேன். சாக்கை நனைத்துச் சுற்றி பஸ் கூரையில் போட்டு வந்த குச்சி. இறக்கிவைத்த சாயங்காலம் ஒரு புத்திமதியும் சொன்னேன். "குச்சி காயவே கூடாது. நடுற வரைக்கும் அடிப்பக்கம் தண்ணியிலயே நிக்கணும்."

நிலக்கோட்டைப் பக்கம் நான் பார்த்த ஊர்களில் குச்சிக் கட்டுகளை வாய்க்காலில் நிறுத்திவைப்பார்கள். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் எடுத்துக் குடிக்கப்போவதில்லை. இங்கே ஓடுகிற தண்ணீர் என்று ஒன்று கிடையாது. தெருக்குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம். குடம் தளும்பிச் சிந்தினால் வீட்டுக்குள் சண்டை வரும். அந்த ஊரில் நான் நிலக்கோட்டைப் புத்திமதியைச் சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டேன்.

வெள்ளையம்மாள் சொன்னபடியே செய்தார். நெல் அவிக்கிற பெரிய அண்டாக்கள் இரண்டைத் தேய்த்துக் கழுவி, மோட்டார் ரூம் பக்கத்தில் வைத்து, தண்ணீர் நிரப்பிக் குச்சிக் கட்டுகளை நிறுத்திவைத்தார். இரவு கரண்ட் வந்தபோது கிணற்றில் இருந்ததையெல்லாம் இறைத்துக் குழிகளை நனைத்தும் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நடவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அலுவலகத்தில் ஒரு கூட்டம் என்று உட்காரவைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. ஒன்பது பெண்கள் பாதிக்குமேல் நட்டு முடித்துவிட்டு, வேப்பமரத்தடியில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க சார், சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்று வெள்ளையம்மாள் ஒரு டம்ளரை நீட்டினார். பானகம். புதிதாக ஒரு பயிர் வைக்கிற அன்று வேலைக்கு வந்தவர்களுக்குப் பானகம் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். வெல்லம், சுக்கு, எலுமிச்சை எல்லாம் தாராளமாகப் போட்டிருந்தார். வெயிலில் வந்தவனுக்கு அமிர்தமாக இருந்தது. பாதி குடித்ததும் நாக்கின் அடியில் ஒரு கசப்பு தட்டியது. எலுமிச்சை விதை நசுங்கியிருக்கும் என்று நினைத்து மீதியை ஓரமாக ஊற்றிவிட்டேன்.

கை கழுவுவதற்காக மோட்டார் ரூம் பக்கம் போனேன். ஓர் அண்டாவில் அடியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தது. அதிலிருந்த கடைசிக் கட்டுகளை எடுத்து வரப்பில் போட்டிருந்தார்கள். இன்னொரு அண்டா காலியாக, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளை வேட்டித் துண்டு ஈரமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"இந்தக் காலி அண்டாத் தண்ணி என்னாச்சும்மா?" என்று அங்கிருந்தே கேட்டேன்.

"குச்சியெல்லாம் எடுத்தப்புறம் கண்ணாடி மாதிரி கெடந்துச்சு சார். கொட்ட மனசு வரல. ரெண்டு வாட்டி துணியில வடிகட்டி அதுலதான் பானகம் கரைச்சேன். குடத்துத் தண்ணி காலையிலயே தீந்துபோச்சு."

இரவு முழுக்க நூற்றுக்கணக்கான அரளிக் குச்சிகள் வெட்டுவாயோடு ஊறிய தண்ணீர். அது ஒன்பது பெண்களின் வயிற்றிலும், அந்த அம்மாள் வயிற்றிலும், என் வயிற்றிலும் இருந்தது.

இனி நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். முதலில், மிச்சமிருந்த அண்டாத் தண்ணீரை யாரும் பார்க்காதபோது கவிழ்த்துக் கொட்டினேன். இன்னொருவர் குடித்துவிடக் கூடாதே என்பதற்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அது நிஜம். மறுபாதி, தடயம் இருக்கக் கூடாது என்ற புத்தி. அப்புறம் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என் நாடியை எண்ணினேன். எழுபது. திரும்ப எண்ணினேன். அறுபத்தாறு. அரளி இதயத் துடிப்பைக் குறைக்கும் என்று படித்தது ஞாபகம் வந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த துடிப்பு வருமா வராதா என்று காத்துக்கொண்டு நின்றேன். கொஞ்சமாகத்தான் இறங்கியிருக்கும், ஒன்றும் ஆகாது, இரண்டு பேருக்கு வாந்தி வந்து சரியாகிவிடும், சொல்லி ஊரைக் கூட்டினால் வேலை போய்விடும் என்று என்னென்னவோ மனதில் ஓடியது. இப்படியே அரை மணி நேரத்தைக் கடத்தினேன். அரை மணி நேரம். அதை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

மாரியாயி என்ற பெண்தான் முதலில் சாய்ந்தார். வரப்பில் உட்கார்ந்து ஓங்கரித்து வாந்தி எடுத்தார். வெள்ளையம்மாள் ஓடிப்போய்த் தலையைப் பிடித்தார்.

"மதினி, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியுது மதினி. ஒஞ் சேல கூட மஞ்சளாத் தெரியுது."

வெள்ளையம்மாள் கட்டியிருந்தது நீலச் சேலை. இன்னொரு பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்ன சார் இது?" என்றார் வெள்ளையம்மாள்.

"வெயில்" என்றேன். "வெயில் தாக்கியிருக்கும்மா. எதுக்கும் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்."

"வெயிலுக்கு எதுக்கு சார் எல்லாரும்?"

"சொன்னாக் கேளுங்க. எல்லாரும்."

மாரியாயியைக் கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். இரண்டரை மணி மில் பஸ் வந்துகொண்டிருந்தது. நடுரோட்டில் நின்று கையை விரித்தேன். டிரைவர் எட்டிப்பார்த்தார், மாரியாயியைப் பார்த்தார், வேறு கேள்வியே கேட்கவில்லை. "எல்லாம் எறங்குங்கய்யா, வண்டியத் திருப்பணும்" என்று சத்தம் போட்டார். ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தவர்கள் முணுமுணுக்காமல் இறங்கி நின்றார்கள். அதில் பெருமாளும் இருந்தார்.

"என்னா புள்ள, நானும் வாரேன்" என்று மனைவியிடம் ஓடிவந்தார்.

"வெயிலுதானாம், சாரு சொல்றாரு. நீ எதுக்கு? வரப்புல ரெண்டு கட்டுக் குச்சி கெடக்கு, அது காயக் கூடாதுன்னு சாரு சொல்லியிருக்காரு, பாத்துக்க. வீட்டுல தூக்குவாளியில ஒனக்குப் பானகம் எடுத்து வச்சிருக்கேன். மணலுக்குள்ள வச்சிருக்கேன், சில்லுன்னு இருக்கும். குடி."

இதை அவர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. ஆனால் என் கவனமெல்லாம் மணிக்கட்டில் வைத்த விரலில் இருந்தது. ஐம்பத்தெட்டா, அறுபதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பஸ் திரும்பியது.

வேடசந்தூர் ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். என் வயதுதான் இருக்கும். மாரியாயியைப் பார்த்ததும் படுக்கவைத்து நாடியைப் பிடித்தார். அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"என்ன சாப்பிட்டாங்க?"

வெயில் என்ற வார்த்தை அங்கேயும் என் நாக்கு நுனிவரை வந்தது. டாக்டரின் கண்ணைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது. "அரளி" என்றேன். "அரளிக் குச்சி ஊறின தண்ணில பானகம்."

"எத்தனை பேர்?"

"பத்து, பதினோரு பேர் இருக்கும்."

"இருக்கும்னா? எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு, எப்பக் குடிச்சாங்க? தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. நடுவுல ஒண்ணைச் சொல்லி என் நேரத்தைக் கொல்லாதீங்க."

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். யாரும் எனக்கு அதைவிட நல்ல வேலைப் பாடம் சொல்லித் தந்ததில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பதில் சொன்னது வெள்ளையம்மாள். ஊற்றிக் கொடுத்தவருக்குத்தானே தெரியும். முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, விரல் விட்டு எண்ணினார். "எட்டுப் பேரு ஆளுக்கு ஒரு டம்ளரு. மாரியாயி தாகமா இருக்குன்னு ரெண்டு வாங்கிக் குடிச்சா. சாரு அரை டம்ளரு. நான் கடைசியா அடியில இருந்தத ஒரு வாய் குடிச்சேன். அப்புறம்..."

விரல் அந்தரத்தில் நின்றது.

"அப்புறம் ஒரு தூக்குவாளி" என்றார்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. "எம் புருசனுக்கு வச்சிருக்கேன். குடின்னு நானே சொல்லிட்டு வந்தேனே சார். நீங்க பக்கத்துலதான நின்னீங்க."

வாசலுக்கு ஓடப் பார்த்தவரை நர்சம்மாக்கள் இருவர் பிடித்து உட்காரவைத்தார்கள். அந்த ஊரில் ஒரே ஒரு டெலிபோன், பஸ் ஸ்டாப் கடையில். நம்பர் என் டைரியில் இருந்தது. ஆஸ்பத்திரிப் போனிலிருந்து அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். மறுபடி அடித்தேன். எடுப்பார் இல்லை.

டாக்டர் என் நாடியைப் பார்த்தார். "நீங்களும் இங்க இருக்க வேண்டிய ஆள்தான்" என்றார். பிறகு கம்பவுண்டரைக் கூப்பிட்டார். "இவரை உங்க பைக்குல பின்னாடி உட்காரவச்சுக் கூட்டிட்டுப் போங்க. வண்டியை இவர் கையில குடுக்காதீங்க. மயங்கி விழுந்தா அங்கேயே நிக்காம திரும்பிடுங்க."

அந்த எட்டு கிலோமீட்டர் தூரத்தை நான் இன்னும் சில நாள் கனவில் போய்க்கொண்டிருக்கிறேன். பெருமாள் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருந்தது. எட்டு மணி நேரம் மில் சூட்டில் நின்றுவிட்டு வந்த மனிதர். வீட்டில் சில்லென்று பானகம். ஒரு டம்ளர் இல்லை, ஒரு தூக்குவாளி முழுக்க. அவர் எந்த இடத்தில் விழுந்து கிடப்பார், வாசலிலா, அடுப்படியிலா என்று மனம் ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய் அவரைக் கிடத்திப் பார்த்தது. ஒரு வார்த்தை, அரளி என்ற ஒரே ஒரு வார்த்தையை அந்த ரோட்டில் நின்றபோது சொல்லியிருந்தால் இந்தப் பயணமே இல்லை. கடவுளே என்றுகூடக் கூப்பிட முடியவில்லை. எந்த வாயால் கூப்பிடுவது?

வீடு ஊருக்குள் இருந்தது. தோட்டம் அதற்கு முன்னாலேயே, ரோட்டோரம். தோட்டத்தைத் தாண்டும்போது ஏனோ திரும்பினேன். காலியாக இருக்க வேண்டிய நிலத்தில் ஒருவர் குனிந்துகொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்று கம்பவுண்டரின் தோளில் அடித்தேன். வண்டி நிற்பதற்குள் குதித்து, விழுந்து, எழுந்து ஓடினேன்.

"பெருமாளு! குடிச்சியா? பானகம் குடிச்சியா?"

அவர் நிமிர்ந்தார். கையெல்லாம் மண். உதடு வறண்டு வெடித்திருந்தது. "என்னா சார், இப்படி ஓடியாரீங்க? அவளுக்கு என்னாச்சு?"

"அவங்க நல்லாயிருக்காங்க. நீ பானகம் குடிச்சியான்னு கேக்குறேன்!"

"இன்னும் வீட்டுக்கே போகலயே சார். வந்து பாத்தா அண்டாவுல பொட்டுத் தண்ணி இல்ல. யாரோ கவுத்து விட்டுட்டாங்க. கரண்டும் இல்ல. குச்சி காயக் கூடாதுன்னு நீங்க சொன்னதாச் சொல்லிட்டுப் போனாளா, ஈரக் குழியிலயே நட்டுப்புடுவோம்னு நின்னுட்டேன். இந்தா, இன்னும் இம்புட்டுதான் இருக்கு. நாக்கு ஒட்டுது சார், முடிச்சிட்டுப் போயி அந்தப் பானகத்தக் குடிக்கணும்."

நான் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அந்த மனிதர் பதறிப்போய், மண் கையால் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அதன்பிறகுதான் அரளி என்று அவரிடம் சொன்னேன். கம்பவுண்டர் வீட்டுக்குப் போய்த் தூக்குவாளியை எடுத்துவந்து, குழி தோண்டிக் கவிழ்த்து மூடினார். மூடி திறக்கவே படாமல் விளிம்புவரை இருந்தது.

என் சாமர்த்தியம் எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பயத்தில் நான் கொட்டிய தண்ணீரும், அந்த மனிதர் என் பேச்சில் வைத்திருந்த நம்பிக்கையும் எப்படியோ ஒன்றுசேர்ந்தன. அதிர்ஷ்டத்தை அனுபவம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எட்டுப் பேருக்கு வயிற்றைக் கழுவி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். என்னையும் வெள்ளையம்மாளையும் மறுநாள் விட்டார்கள். மாரியாயியை மட்டும் அன்று மாலையே திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வந்ததும் நான் நேராக அங்கே போனேன். அவருடைய நாடி ஏறும், இறங்கும். ஒவ்வொரு தடவை நர்ஸ் வேகமாக உள்ளே போகும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது. மூன்றாம் நாள் காலை உள்ளே விட்டார்கள். கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "நர்சம்மா சேல வெள்ளையாத்தான் தெரியுது சார்" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அறிக்கையில் நடந்ததை எழுதினேன், அந்த அரை மணி நேரத்தைத் தவிர. மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். வெள்ளையம்மாளைப் போய்ப் பார்க்கத்தான் பத்து நாள் ஆனது. திட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர் திட்டவில்லை. களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மொதநா ஆபீசுல நான் வெசமான்னு கேட்டேன், நீங்க சிரிச்சீங்க. சரி, போகுது. ரோட்டுல நின்னு என்ன சார்னு கேட்டேன். தெரிஞ்சுக்கிட்டே வெயிலுன்னு சொன்னீங்களே, ஏன் சார்?"

"பயந்துட்டேம்மா" என்றேன்.

"நாங்க பயப்படுறதுக்கு எங்களுக்கும் செத்த நேரம் குடுத்திருக்கலாம்ல" என்றார்.

அதற்குப் பிறகு எந்த ஊரில் அரளி நடச் சொன்னாலும், எத்தனை ஏக்கர் கைவிட்டுப் போனாலும், முதல் பேச்சே விஷத்தைப் பற்றித்தான். குச்சி ஊறிய தண்ணீரை உங்கள் கண்ணெதிரே குழியில் கொட்டவைத்துவிட்டு வாருங்கள். கவாத்துக் கழியை அடுப்பில் வைக்க விடாதீர்கள். காய்ந்த இலையை ஆட்டுக்குப் பக்கத்தில் போட விடாதீர்கள். பச்சையாக இருந்தால் ஒதுக்குகிற ஆடு, காய்ந்ததைத் தின்றுவிடும். ஏதாவது தப்பாகிவிட்டால், விஷத்தின் பேரைச் சத்தமாக, உடனே, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

அந்த அரளி நன்றாகவே வந்தது. பெருமாள் தனியாக நட்ட கடைசி இரண்டு வரிசையில் ஒரு குச்சிகூடப் பட்டுப்போகவில்லை. பல வருடம் கழித்து, பக்கத்து நிலத்தையும் வாங்கி அரளி வைத்தார்கள். நடவன்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பானகமும் இருந்தது. வெள்ளையம்மாள் குடத்தைக் காட்டி, "குழாத் தண்ணி" என்றார். முதல் டம்ளரை எல்லோரும் பார்க்க அவரே குடித்தார். அப்புறம்தான் எனக்கு நீட்டினார். வாங்கும்போது என் கை நடுங்கியது. அவர் பார்த்துவிட்டார்.

"என்ன சார் நடுங்குது?" என்றார். "வெயிலா, வேற எதுவுமா? இந்தத் தடவ சரியாச் சொல்லுங்க."